மேற்கணக்கு முடக்கில் நின்ற குதிரை

பிள்ளைகளா,

நான் குதிரை பார்த்த காலத்துக் கதைகளை உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நுவரெலியா ரேஸ் மைதானத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளைத் துரைமார் வாங்கி வந்தது, கொள்ளு அவியும் வாசனைக்கு ஆட்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது, எல்லாம் சொன்னேன். செவலையைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. உங்கள் அம்மா ஒருமுறை பேச்செடுத்தாள். நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. வட்டகொடைக்கு மேலே இருந்த தோட்டத்தில் நான் குதிரைக்காரன். நாங்கள் இருந்த வரிசை வீடு லயம், குதிரை இருந்தது லாயம். இரண்டுக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம் என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லிச் சிரிப்பார். லாயத்துக்கு ஜன்னல் இருந்தது.

செவலை பெட்டைக் குதிரை. நெற்றியில் வெள்ளை இல்லை, காலில் வெள்ளை இல்லை, முழுக்கச் செம்மண் நிறம். அதில் ஏறியவர் எங்கள் பழைய பெரிய துரை. வயசான வெள்ளைக்காரர். ஆட்களிடம் 'ஏய்' என்பதைத் தவிர வேறு வார்த்தை அதிகம் பேசமாட்டார். குதிரையிடம் மட்டும் பேசுவார். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்து போனதும், அவர் செவலையில் ஏறி மேற்கணக்குக்குப் போவார். மேற்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் டிவிசன். அங்கே கார் ஏறாது.

வேலை முடிந்து லாயத்தைச் சாத்தும்போது நான் எப்போதும் அவளிடம், "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருநாள் துரைக்கு அது காதில் விழுந்துவிட்டது.

"நீ போறது. ஏன் வாரேன் சொல்றது?" என்று கேட்டார்.

"போறேன்னு சொல்லக்கூடாதுங்க தொர. போறேன்னா திரும்பி வராத போக்குங்க. எங்க ஆளுங்க போகும்போதும் வாரேன்னுதான் சொல்லுவோம்."

அவர் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார். மலையில் எங்கேயாவது இறங்கினால், கடிவாள வாரை அவள் கழுத்தில் போட்டுவிட்டு "வாரேன்" என்பார். கட்டமாட்டார். திரும்பி வந்ததும் கழுத்தைத் தட்டி "வந்துட்டேன்" என்பார். அவள் தலையை அசைத்துக்கொண்டு நடப்பாள். கொஞ்ச நாளில் அவளுக்கு அது அத்துப்படியாகிவிட்டது. வாரேன் என்றால் நிற்கவேண்டும், வந்துட்டேன் என்றால் போகலாம். மழை பெய்தாலும் அட்டை ஏறினாலும் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டாள். எங்களிடம் கற்றுக்கொண்ட வார்த்தையை அந்த மனுஷன் எங்களில் ஒருத்தரிடமும் ஒருநாளும் சொன்னதில்லை. அது வேறு விஷயம்.

மேற்கணக்குக்குப் போகிற பாதை வளைந்து திரும்புகிற ஒரு பெரிய முடக்கு வரும். அங்கிருந்து தேயிலைக்குள்ளே ஒரு ஒற்றையடிப் பாதை மேலே ஏறும். அடைமழைக் காலத்தில் ஒருநாள் துரை அந்த முடக்கில் இறங்கி, மேலே தண்ணி ஓடுகிற கான் உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஏறினார். மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். கங்காணி அவரைக் கண்டபோது உயிர் இல்லை. ஆட்கள் தூக்கிக்கொண்டு மறுபக்கத்துச் சரிவால், தேயிலை ஸ்டோர் ரோட்டு வழியாக இறக்கிவிட்டார்கள். அதுதான் கிட்ட. டிக்கோயாப் பக்கத்தில் வெள்ளைக்காரர் மயானத்தில் புதைத்தார்கள்.

செவலையை யாரும் நினைக்கவில்லை. அவர் விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் நான் தேடிப் போனபோது அவள் முடக்கில் நின்றுகொண்டிருந்தாள். சேணத்திலிருந்து மழைத்தண்ணி ஒழுகியது. இரண்டு காதும் மேலே போகிற பாதையைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. இழுத்தேன், வரவில்லை. கடைசியில் சாக்கை அவள் கண்ணில் கட்டி, நடுங்க நடுங்கக் கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு எப்போது கொண்டுபோனாலும் அந்த முடக்கில் நிற்பாள். நான் ஏறி நடத்தினாலும் நிற்பாள். காது மேலே போகும். நானும் மேலே பார்ப்பேன். தேயிலையும் பனிமூட்டமும்தான் இருக்கும். இருந்தும் அவள் காது யாரோ ஒருத்தர் நடக்கிற திசைக்குத் திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பும்.

பழைய துரை வாரைப் பிடித்து நிறுத்துகிறார் என்று லயமெல்லாம் பேச்சு. அந்த நிரைகளில் கொழுந்தெடுக்கப் பொம்பளைகள் மறுத்தார்கள். கங்காணி எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் கொளுத்தி, ஒரு சுருட்டும் வைத்தார்.

"அவரு பைப்பு குடிச்ச மனுசன். சுருட்டு ஒத்துக்குமா கங்காணி ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"செத்த பொறவும் பைப்பு கேட்டா நான் எங்க போறது? இருக்கிறதக் குடிக்கட்டும்" என்றார் கங்காணி.

மறுநாளும் அவள் நின்றாள்.

புதுப் பெரிய துரை வேறு தோட்டத்திலிருந்து வந்தவர். அவருக்குக் கார் போதும். மேற்கணக்கைப் பார்க்கச் சின்னத்துரை ஒருத்தரும் வந்தார். எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் சிங்களச் சின்னத்துரை அவர்தான். கண்டிப் பக்கம், இளந்தாரி, குதிரைப் பழக்கம் அவ்வளவாக இல்லை. பெரிய துரை என் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் குதிரை ஆளை ஏற்றிக்கொண்டு முடக்கைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் சுட்டுப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்ளலாம். பேய் பிடித்த குதிரை என்று பேர் போய்விட்டது, விற்கவும் முடியாது என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னத்துரை முதல் நாளே ஏறினார். முடக்கில் அவள் நின்றாள். குதிகாலால் உதைத்தார். நின்றாள். பிரம்பால் ஒன்று வைத்தார். அவள் முன்னங்காலைத் தூக்கினாள், துரை கானுக்குள் போய் விழுந்தார். கீழ் மலையில் கொழுந்தெடுத்தவர்கள் கூடையோடு நிமிர்ந்தார்கள்.

"சின்னத்தொர, அங்கனயே கெடந்தா தேயிலையோட சேத்துக் கவ்வாத்து வெட்டிருவோம்! எந்திரிங்க!" என்று ஒருத்தி கத்தினாள். சிரிப்பென்றால் சிரிப்பு.

அவர் பிரம்பை எடுத்து இன்னும் நாலு வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கானுக்குள்ளேயே சேற்றோடு உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"அது என்னைப் பாக்கிறது இல்லை. வேற யாரைப் பாக்கிறது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய துரை 'வாரேன்' சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கட வீட்டிலயும் அப்படித்தான். 'யனவா', போறேன் சொன்னா அம்மா அடிக்கும். 'கிஹில்லா என்னங்' சொல்லணும். போயிட்டு வாரேன்" என்றார். பிறகு செவலையைப் பார்த்து மெதுவாக, "அப்போ இது இன்னும் காத்துக்கிட்டு இருக்குது" என்றார்.

"நான் வந்துட்டேன்னு சொல்லிப் பாத்துட்டேங்க தொர. கேக்கலைங்க."

அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"போகாத ஆளு வந்துட்டேன்னா அது நம்புமா?" என்றாள். "மூத்தவள மொதமொத புள்ளக்காம்பராவுல விட்டப்ப என்ன அழுகை அழுதா. ஆயாம்மா 'அம்மா வந்துட்டா, அம்மா வந்துட்டா'ன்னு வாய் வலிக்கச் சொன்னாங்க, நிறுத்தினாளா? நான் அந்தக் கருப்பந்தேயிலை மரத்துக்குப் பின்னால போயிப் போயி வந்து காட்டின பொறவுதானே அடங்கினா. குதிரைக்கு மட்டும் வேற மூளையா வச்சிருக்கு? யாராச்சும் அந்தப் பாதையில ஏறி எறங்கணும்."

"யாரு ஏறுறது?"

"நீங்கதான் குதிரைக்காரரு."

"நீ வாரியா கூட?"

"ஐயோ, நான் மாட்டேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் எனக்குப் பயம்தான். பழைய துரை விழுந்த பிறகு அந்த ஒற்றையடிப் பாதையில் யாரும் கால் வைத்ததில்லை.

இதைச் சின்னத்துரையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஏறுறது நான். குதிரையில போறதும் நான்தானே" என்றார்.

உடனே முடக்குக்குப் போகவில்லை. முதலில் லாயத்து முற்றத்தில் பழகினார். கொள்ளுவாளியை அவரே தூக்கி வந்தார். வாரை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு. "வாயை அடைக்காதீங்க தொர, அவ சொல்றதையும் கேளுங்க" என்பேன். அவர் கையைத் தளர்த்த, அவள் தாடை தளரும், கழுத்து நீளும். காது ஒன்று பின்னால் வந்தால் அவள் கேட்கிறாள். இரண்டும் படிந்தால் போதும் என்கிறாள். போதும் என்றால் அவர் நிறுத்தினார். நான் குதிரைக்காரனாக இருந்த காலத்தில் குதிரை சொல்லி நிறுத்திய துரையை அப்போதுதான் பார்த்தேன். பிரம்பை அவர் லாயத்து மூலையில் வைத்தவர்தான், திரும்ப எடுக்கவில்லை.

பிறகு பாதையில் வெவ்வேறு இடங்களில் இறங்கி "வாரேன்" சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் மறைவார். திரும்பி வருவார். "வந்துட்டேன்." முதலில் கிட்டப் போனார், போகப் போகத் தூரம் கூட்டினார். ஒருதடவைகூடச் சொன்னபடி வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு இருந்த நாளிலும் லாயத்துக்கு வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போய்ப் படுத்தார்.

முடக்குக்குப் போன அன்றைக்கு மூட்டம் இறங்கியிருந்தது. அவள் நின்றாள். சின்னத்துரை இறங்கி, வாரைக் கழுத்தில் போட்டு, "வாரேன்" என்றார். மேலே ஏறினார். தொப்பி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் பாதை ஓரத்தில் நின்றேன். காற்று இல்லை. அவர் பூட்ஸ் சத்தம் மேலே போய் நின்றுவிட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இவரும் வராமல் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது.

அப்புறம் தேயிலை சரசரத்தது. செவலை தொண்டைக்குள்ளே மெதுவாகக் கனைத்தாள். பழைய துரை இருந்த காலத்துக் கனைப்பு அது. அவர் போன பிறகு நான் கேட்டதேயில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து தொப்பி வந்தபோது, அது யார் தொப்பி என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குனிந்துகொண்டேன்.

"வந்துட்டேன்" என்று சின்னத்துரையின் குரல் கேட்டது.

அவள் அவரை மோந்தாள். தொப்பியை, தோளை, கையை, ஒவ்வொன்றாக. பிறகு அவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் பார்த்தாள். இன்னும் ஒருத்தர் வரவேண்டும் என்கிற மாதிரி. சின்னத்துரை ஏறவில்லை. அவள் பக்கத்தில் நின்று அவரும் திரும்பி அந்தப் பக்கமே பார்த்தார். "இன்னைக்குப் போதும்" என்று சொல்லி, இறக்கிக் கூட்டிவந்தார்.

நாள் தவறாமல் போனோம். நாள் தவறாமல் அவர் ஏறி இறங்கினார். அவள் மோந்துவிட்டு மேலே பார்க்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அடி எடுத்து வைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்தது. பெரிய துரை துப்பாக்கியோடு காரில் கீழ் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து நடந்து ஏறினார். முடக்கில் அவள் நின்றதும், ஏறியபடியே ஓட்டு என்று இங்கிலிஷில் கத்தினார். சின்னத்துரை அவர் பக்கம் திரும்பவில்லை. இறங்கினார். "வாரேன்" என்றார். ஏறிப் போனார். பெரிய துரை துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார். நான் செவலையின் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னத்துரை இறங்கி வந்து கழுத்தைத் தட்டினார். "வந்துட்டேன்." அவள் மோந்தாள். ஒருதரம் மேலே பார்த்தாள். அவர் அங்கவடியில் கால் வைத்து ஏறினார், வாரைத் தளர விட்டார், உதைக்கவில்லை. அவள் ஒரு நீளமான மூச்சை விட்டு, நடந்தாள். முடக்கைத் தாண்டினாள். ஒரு காது முன்னால் இருந்தது, மற்றது மலைப் பக்கம் திரும்பியே இருந்தது.

பெரிய துரை ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். பிறகு அவர் சுடுகிற பேச்சை எடுக்கவில்லை. போகப் போக இறங்கி ஏறவும் தேவைப்படவில்லை. முடக்கு வந்ததும் சின்னத்துரை ஒரு வார்த்தை சொன்னால் அவள் நடந்தாள். அந்த ஒரு காது மட்டும், அவள் கிழவியாகிச் சாகிற வரைக்கும், அந்த இடத்தில் மலைப் பக்கம் போகாமல் இருந்ததில்லை. யாருக்காக என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு நான் மட்டும் முடக்கில் நின்றேன். குளம்புச் சத்தம் மேற்கணக்குப் பக்கம் தேய்ந்து போனது. அப்போதுதான் கீழே பார்த்தேன். அவள் இத்தனை மாதமாக நின்ற இடத்தில் முன்னங்கால் தோண்டித் தோண்டி, ஒரு சட்டி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் தண்ணி நின்றது. தண்ணியைக் கையால் இறைத்தேன். கானிலிருந்து கல்லும் மண்ணும் அள்ளி வந்து போட்டேன். நிறையவில்லை, இன்னும் அள்ளினேன். மேலே போகிற பாதையைத் திரும்பிப் பார்க்காமல், பாதை மட்டத்துக்கு வருகிறவரை வெறுங்காலால் மிதித்தேன்.