ரோஸி என்ற பேரில் பாட்டெழுதியவர்

மௌத்தாகிவிட்டார்... எந்த ஊர், எந்த நாள் அடக்கம் என்று கேட்க வேண்டாம். பேரும் எழுத மாட்டேன்.

ஒரு காலத்தில் ரேடியோவில் "பாடல் வரிகள், ரோஸி" என்று சொல்வார்களே, அந்த ரோஸி இவர்தான். தாடி வைத்த ரோஸி.

பொப் பாட்டு, கலியாண வீட்டுப் பைலா, தேர்தல் பாட்டு... ஒவ்வொன்றுக்கும் ஒரு புனைபேர். சொந்தப் பேர் மட்டும் எதிலும் இல்லை.

இளவயதில் ரேடியோ விலாசத்துக்கு அந்த ரோஸிக்குக் காதல் கடிதம் போட்ட மடையன் நான். பதில் வரவில்லை. ரோஸியே வந்தார், என் ஓட்டோ ஸ்டாண்டுக்கு.

"தம்பி, ஒங்கட கடிதம் கெடச்சிச்சி. எனக்கு விருப்பம்தான்... பொண்டாட்டிக்கிட்ட ஒரு சொல்லு கேட்டுட்டு வாரன்."

எட்டாம் வகுப்போடு நின்ற என் கடிதத் தமிழை அவர் அன்றைக்கே திருத்தியும் கொடுத்தார். அதிலிருந்து அவர் எனக்கு நானா, கூடப் பிறக்காத அண்ணன்.

ஒரு தேர்தலில் முந்தல் சந்தியில் இரண்டு கட்சி வேனும் நேருக்கு நேர் நின்று பாட்டாலேயே அடித்துக்கொண்டன. இரண்டும் அவர் எழுதியது. பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார், "நம்மட ஆள்தான் வெல்லுவான்."

"எவன் நானா நம்மட ஆள்?"

"எவன் வெண்டாலும்."

ஏன் சொந்தப் பேரைப் போடவில்லை என்று ஒருநாள் கேட்டேன். சிரிக்கவில்லை.

"பொம்புளப் புள்ளையல் இரிக்கி தம்பி. பாட்டெழுதுறவன்ட மகள் எண்டா மாப்புள வீட்டுல ஒரு கதை வரும். கடைசியாள்ட கலியாணம் முடியட்டும். பொறகு நீயே ஃபேஸ்புக்ல போடு என்ட பேர. பெரிய எழுத்துல."

அந்தக் கலியாணம் முடியவில்லை. அந்தப் பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்... இங்கே நானாவின் பேரை எழுதினேன். அழித்தேன்.

செய்தி கேட்டதும் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தேன். என் பென்ட்ரைவில் முக்கால்வாசி அவர் பாட்டுத்தான். செட்டை நிறுத்தும் யோசனையே வரவில்லை. மையித்து வீட்டு வாசலில் அவர் பாட்டோடு போய் நின்றேன்.

வீட்டாள் ஒருவர் ஓடி வந்தார். "என்ன நானா இது? மையித்து வீட்டு வாசல்ல பாட்டா? நிப்பாட்டுங்க!"

பாதி வரியில் நிறுத்தினேன். "மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

அடக்கிவிட்டு வரும்போது பக்கத்தில் நடந்தவர் சொன்னார், "அமைதியான மனுசன். ரெண்டு சொல்லு சேத்துக் கதைக்கமாட்டார்."

"ஓம்" என்றேன்.

நானா... அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும். ஸலாம்.