தெரிந்தே திரித்த பால்

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டில் பால் திரிந்தது. தானாகத் திரியவில்லை. பொங்கி வந்துகொண்டிருந்த நல்ல பாலில் நானே என் கையால் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன்.

படித்தவுடன் உங்களில் பாதிப் பேர் ‘ஐயையோ’ என்றிருப்பீர்கள். தெரியும். பால் பொங்கினால் சுபம், திரிந்தால் அசுபம். எங்கள் சர்ச்சில் அப்படியெல்லாம் சொல்லித் தரவில்லை... ஆனால் புதுவீட்டில் அடுப்பேற்றிய பால் திரிந்தால் எந்தக் கிறிஸ்தவப் பெண்தான் பதறமாட்டாள், சொல்லுங்கள்?

எல்லாவற்றுக்கும் காரணம் என் நாத்தனார் கிரேஸ்.

கிரேஸ் என் கணவரின் ஒரே தங்கை. நர்ஸ். பெய்ரூட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. லீவில் வந்திருக்கிறாள். மீனம்பாக்கத்தில் விமானத்தை விட்டு இறங்கியவள், டாக்சி பல்லாவரம் தாண்டுவதற்குள் இட்லி, குழம்பு, கருவாடு என்று வரிசையாகச் சொல்லிவிட்டாள். எல்லாம் ஆயிற்று. ஒரு வாரம் ருசித்துச் சாப்பிட்டாள். அப்புறம் ஒரு சாயங்காலம் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

“அண்ணி, அங்கே ஒண்ணு பண்ணுவாங்க...”

கீரையைப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு வதக்கி, வெள்ளை சீஸை உதிர்த்துக் கலந்து, மைதா மாவில் முக்கோணமாக மடித்து பேக் செய்வார்களாம். அவளுடைய ரூம்மேட் மரியத்தின் அம்மா பண்ணி அனுப்புவாராம். சுடச்சுடக் கடித்தால் மேல்தோல் நொறுங்குமாம், உள்ளே பஞ்சு மாதிரி இருக்குமாம்.

அங்கே இருந்தபோது இட்லிக்கு ஏங்கியவள் இங்கே வந்து இதற்கு ஏங்குகிறாள். மனுஷ நாக்குக்குத் தான் இருக்கிற ஊர் என்றைக்குப் போதுமாக இருந்திருக்கிறது?

தங்கை கேட்டு மறுக்கத் தெரியாதவர் என் கணவர். ஆபீஸ் விட்டதும் மவுண்ட் ரோட்டில் கடை கடையாக ஏறி ஒரு டப்பா சீஸ் வாங்கி, எலெக்ட்ரிக் டிரெயினில் மடியில் வைத்துத் தாம்பரம் வரை கொண்டுவந்து சேர்த்தார். கிரேஸ் திறந்து பார்த்தாள். மஞ்சள்!

“அண்ணா, இது துணி சோப்பு மாதிரி இருக்கு. அது வெள்ளையா, உதிரியா, கொஞ்சம் உப்பா இருக்கும்.”

“அது எங்கே கிடைக்கும்?”

“கிடைக்காது. நாமே பண்ணணும். பாலைத் திரிய வைக்கணும்.”

என் கணவர் பேப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார். இனிமேல் இது பெண்கள் விவகாரம் என்று அர்த்தம்.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் கன்னியம்மா. எங்கள் தெருவே ஒரு காலத்தில் அவளுடைய மாமனாரின் வேர்க்கடலைக் கொல்லை. பிளாட் போட்டு விற்றார்கள். வந்த பணம் வந்த வழியே போயிற்று. மிச்சம், தெருக்கோடியில் ஒரு ஓட்டு வீடும் கருப்பி என்கிற எருமையும். கருப்பியை வீடு வீடாக ஓட்டி வந்து, நம் கண்ணெதிரே, நம் பாத்திரத்திலேயே கறந்து கொடுப்பாள். “ஒரு சொட்டு தண்ணி கலந்தேன்னு எவனாவது சொல்லட்டும், அன்னிக்கே மாட்டை வித்துட்டுப் பூடறேன்!” — இது அவளுடைய காலை வணக்கம்.

அந்தச் சனிக்கிழமை அவளிடம் கூடுதலாக இரண்டு ஆழாக்கு வாங்கினேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெய்ரூட் கீரைக்கு எங்கே போவது? ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் கூடை கொண்டுவருகிற அம்மாளிடம் சிறுகீரை வாங்கினோம். பால் பொங்கி வரும்போது எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தேன். பழம் பாத்திரத்துக்கு மேலேயே நின்றது. “பிழிங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது” என்றாள் கிரேஸ், ஊசி போடும் குரலில். பிழிந்தேன். பால் சட்டென்று முறிந்து திட்டுத் திட்டாக ஒதுங்கியது. என் கணவரின் துவைத்த வேட்டிக் கிழிசலில் அதை மூட்டை கட்டிக் குழாயில் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தோம்.

சரியாக அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு எஸ்தர் அக்கா உள்ளே வந்தார். பாட்டு டீச்சர். அவருக்கு வெந்தயம் வேண்டியிருந்தது. வெந்தயத்துக்கு முன் கண்ணில் பட்டது, முறிந்த தண்ணீர் நிற்கிற பாத்திரம்.

“என்னம்மா, பால் திரிஞ்சுபோச்சா?”

என் இரண்டு கையிலும் மாவு. அடுப்பில் கீரை அடி பிடிக்கிற வாசனை. சீஸ் என்றால் என்ன, பெய்ரூட் எங்கே இருக்கிறது என்றெல்லாம் யார் விளக்குவது?

“ஆமாக்கா, திரிஞ்சுபோச்சு” என்றேன். பொய்யில்லையே!

எஸ்தர் அக்கா “அடப்பாவமே” என்று சொல்லிவிட்டுப் போனார். வெந்தயத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பேக் செய்கிற ‘அவன்’ அடுப்பு கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்குக்குச் செய்கிற மாதிரி, அண்டாவில் மணல் பரப்பி அடியில் விறகு, மேல்தட்டில் கரித் தணல். முதல் ஈடு அடியில் கரி, மேலே பச்சை மாவு. இரண்டாவது ஈட்டைத் திறந்தபோது... ஆகா! பொன்னிறம். கிரேஸ் ஒன்றை எடுத்து ஊதி ஊதிக் கடித்தாள். கண்ணை மூடினாள். “மரியம் அம்மா கைமணம் வரல” என்றாள். அடுத்த வாயிலேயே, “ஆனா இது நம்ம வீட்டு மணம். இதுவும் நல்லாதான் இருக்கு” என்று சிரித்தாள்.

‘கீரை மாட்டுக்கு’ என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிற என் கணவர், அறையிலிருந்து வெளியே வந்து, நின்ற வாக்கிலேயே மூன்று முக்கோணங்களைத் தின்று முடித்தார்.

மறுநாள் காலையில் கருப்பி வரவில்லை. கன்னியம்மா மட்டும் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“இன்னா பத்திரிகைக்காரம்மா, எம் பாலு திரிஞ்சிபூச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிகினு கீறீங்களாமே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லப் புரிந்தது. எஸ்தர் அக்கா அடுத்த வீட்டில், ‘பால் திரிந்துவிட்டதாம்’ என்றிருக்கிறார். அது அதற்கடுத்த வீட்டுக்குப் போகும்போது ‘பழைய பாலைக் கலக்கிறாள்’ என்று ஆகி, தெருக்கோடியை அடைவதற்குள் ‘மாட்டுக்கே ஏதோ சீக்கு’ என்று முடிந்திருக்கிறது. பாதித் தெரு காலையில் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு வீட்டில் பாட்டில் பாலுக்கே மாறிவிட்டார்களாம்.

“கண்ணெதிர்ல கறந்து குடுக்கறேன். எம் மாட்டையே சீக்குன்றாங்கம்மா” என்றாள்.

நான் பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். பால் கெடவில்லை, நாங்கள்தான் வேண்டுமென்றே திரித்தோம் என்று. அவள் முகம் தெளியும் என்று நினைத்தேன். தப்பு! கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“தெரிஞ்சேவா? நல்ல பாலையா? மாட்டுக்கு மடி வத்திப் பூடுமேம்மா!”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். வார்த்தைகளை எழுதிப் பிழைக்கிறவள் நான். எஸ்தர் அக்காவிடம் இன்னும் நாலு வார்த்தை செலவழித்திருந்தால் குறைந்தா போயிருப்பேன்?

உடனே எதிர்வீட்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்காகப் பரிஞ்சு பேசறே பாரு... உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா.”

மறுப்பு வெளியிட்டால் வதந்திக்கு ஆயுள் கூடும். பத்திரிகையில் எழுதுகிற எனக்கு இது தெரியாதா?

கிரேஸ்தான் வழி சொன்னாள். “சொன்னா நம்ப மாட்டாங்க அண்ணி. காட்டணும். கன்னியம்மாக்கா வாசல்லயே, எல்லாரையும் கூப்பிட்டு வச்சு.”

இரண்டு பேரும் போனோம். கன்னியம்மா கேட்பதாக இல்லை. “எம் வாசல்ல பாலைத் திரிக்கறதா? உசுரே போனாலும் சரி!”

கிரேஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “அக்கா, ராத்திரி பாலுக்கு உறை ஊத்தறீங்களே, அது என்ன?”

“அது தயிரு.”

“பால் பாலாவேவா இருக்கு?”

“மாறித்தான் பூடுது.”

“இது அந்தத் தயிரோட தங்கச்சி. அவ்வளவுதான்.”

கன்னியம்மா யோசித்தாள். எருமையைப் பார்த்தாள். மறுபடியும் யோசித்தாள். “சரி. ஆனா ஒண்ணு. மாடு பாக்கக் கூடாது.”

அந்த வாரம் முழுக்க மற்ற வீடுகளில் நின்றுபோன பாலை நாங்களே வாங்கினோம். சீஸ் சேர்ந்துகொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன்பே தட்டுத் தட்டாக முக்கோணம் மடித்து அடுக்கிவிட்டோம். அத்தனையையும் எங்கள் அண்டா தாங்காது. மார்க்கெட் பக்கத்து பேக்கரியில் ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் சூடு மிச்சம் இருக்கும். என் கணவர் சைக்கிள் ரிக்‌ஷாவில் தட்டுகளோடு போய், பேக் செய்து கொண்டுவந்தார். “இன்னா சார், சமோசாவைப் போய் ரொட்டி அடுப்புல வைக்கறீங்க?” என்று பேக்கரிக்காரர் கேட்டாராம். “சமோசாவுக்கு வெளிநாட்டுல ஒரு பெரியப்பா மகன் இருக்கான்” என்றாராம் இவர்.

சர்ச் விட்டதும் தெருவே கன்னியம்மா வாசலில் கூடிவிட்டது. சர்ச்சுக்குப் போகாதவர்களும்தான். எஸ்தர் அக்கா பட்டுப் புடவையோடு முன்வரிசையில். கருப்பியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய், சுவரைப் பார்க்கத் திருப்பிக் கட்டியாயிற்று.

வாசலில் ஸ்டவ்வை வைத்தாள் கன்னியம்மா. காலையில் கறந்த பால். கொதித்தது. நுரைத்து எழுந்தது. தண்ணீர் தெளித்து அடக்கினாள். மறுபடியும் எழுந்தது. பின்னாலிருந்து குழந்தைகள் “பொங்கலோ பொங்கல்!” என்று கத்தினார்கள். தை மாசத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதனால் என்ன?

“பாத்துக்கினீங்களா? எங்கனா திரிஞ்சிக்கீதா? எஸ்தரம்மா, கிட்ட வந்து பாருங்கோ!”

எஸ்தர் அக்கா குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் “நல்லா இருக்கு, நல்லா இருக்கு” என்றார்.

கிரேஸ் எலுமிச்சம்பழ மூடியை என்னிடம் நீட்டினாள். நடுவில் ஒரு கை வந்து பிடுங்கிக்கொண்டது.

“குடு. எம் பாலு. நானே பண்றேன்.”

கன்னியம்மா கொல்லைப்புறம் திரும்பினாள். கண்ணை மூடினாள். “மன்னிச்சுக்கோடி கருப்பி” என்று முணுமுணுத்துவிட்டுப் பிழிந்தாள். பால் முறிந்தது. கூட்டம் முழுக்க ஒரே குரலில் “ஐயோ!”

அந்தச் சமயம் பார்த்துக் கொல்லையிலிருந்து கருப்பி ஒரு சத்தம் போட்டதே, கேட்க வேண்டும்! எல்லாரும் உறைந்துபோனோம். முதலில் சிரித்தது யார் தெரியுமா? கன்னியம்மாதான்.

“கண்ணைத் திருப்பி வச்சேன், மூக்கைத் திருப்ப மறந்துட்டேன்! மோப்பம் புடிச்சிட்டா, கள்ளி!”

தெருவே குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தட்டுகளைச் சுற்றுக்கு விட்டோம்.

கன்னியம்மா ஒரு முக்கோணத்தை எடுத்து முனையை மட்டும் கிள்ளி, முகர்ந்து, வாயில் போட்டாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உள்ள வெள்ளையா கீதே, அது எம் பாலா?”

“உங்க பால்தான் அக்கா.”

மெதுவாக மென்றாள். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றாள். இன்னொன்றை எடுத்தாள். மூன்றாவதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எஸ்தர் அக்கா வீட்டுக்காரருக்கென்று ஒன்று வாங்கி, தன் வீட்டுக் கேட்டைத் திறப்பதற்குள் தானே தின்றுவிட்டார். போகும்போது எல்லார் காதிலும் விழும்படி சொன்னதுதான் உச்சம்: “நான் அன்னிக்கே சொன்னேன், கன்னியம்மா பால் சுத்தமான பால்னு!”

நானும் கிரேஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நல்ல வதந்தி ஒன்று புறப்படும்போது குறுக்கே நிற்கலாமா?

நின்றுபோன வீடுகளெல்லாம் மறுநாளே திரும்பி வந்துவிட்டன. அது மட்டுமா? கிரேஸிடம் செய்முறை கேட்டு ஒரே கூட்டம். இந்த வாரம் எங்கள் தெருவில் வேட்டிக் கிழிசல் தொங்காத குழாயே இல்லை. ஆளுக்கு ஒரு ஆழாக்கு சேர்த்துக் கேட்கிறார்கள்.

இன்று காலை கன்னியம்மா காலிச் செம்போடு வந்து கேட்டில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பாலு இல்லம்மா இன்னிக்கு. எல்லாம் தீந்துபூச்சு.”

“எங்களுக்கேவா, கன்னியம்மா?”

“நான் இன்னா பண்றது? இந்தப் பேஜாரை ஆரம்பிச்சதே நீங்கதான!”

ஆகவே வாசகர்களே, இந்த வாரப் பத்தியை எழுதி முடித்தது வெறும் கடுங்காப்பியின் தயவில் — சர்க்கரை போடாமலே இனிக்கிறது!