எண்பதாவது புடவை

காந்தி சாலைப் பட்டுக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டும் டில்லிபாபு, புள்ளியியல் பட்டதாரி. அந்தப் படிப்பை எங்களிடம் அளக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

வருகிறவர்கள் எத்தனையாவது புடவையில் "இதையே பில் போடுங்க" என்கிறார்கள் என்று ஐம்பது பேருக்கு ஒரு அட்டையில் குறித்துவைத்தான். பிறகு கூட்ட ஆரம்பித்தான். இருபது புடவைக்குள் முடித்தவர்கள் ஏழு பேர். நாற்பதுக்குள் என்றால் அந்த ஏழையும் சேர்த்து இருபத்தைந்து, அதாவது பாதிப் பேர். அறுபதுக்குள் நாற்பது பேர், எண்பது சதவீதம். எண்பதுக்குள் ஐம்பது பேருமே முடித்துவிட்டார்கள். இதற்குக் குவிவு நிகழ்வெண் என்று பெயராம்.

"நூறு சதவீதம்பா! எண்பதுக்கு மேல விரிக்கிறவன் முட்டாள்" என்றான், கேட்டால் நூறு வரைக்கும் விரிக்கும் என்னைப் பார்த்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அவன் மனைவி அம்சா, தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தாள். எண்பதாவதை விரித்ததும் டில்லிபாபு அதோடு நிறுத்திக்கொண்டு, அட்டையை அவளிடம் நீட்டினான்.

அம்சா நிதானமாகப் படித்தாள். "எல்லாத்தையும் பாத்துட்டு வாங்காமப் போனவங்க இதுல எங்க இருக்காங்க?"

"அவங்க எதுக்குமா? வாங்கினவங்களதான் எழுதிக்கினு வந்தேன்."

"அப்ப என்னையும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

எண்பது புடவையையும் அவனே மடித்தான். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.