குஞ்சுப் பெட்டிக்கு வந்த புது சிப்பு

சொந்தத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் பிளக்கக்காதான். பிறந்த வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று இருந்துவிடுவாள். எதைப் பழுது பார்த்தாலும், ஓடுகிற சாமானின் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்க்காமல் அனுப்பமாட்டாள். அதனால் வந்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரின் ரேடியோ கடையில் ஈயம் பற்றவைக்கப் பழகினாள். மகன் பஸ் ஓட்டப் போய்விட்டதால், மாமனாருக்குப் பின் கடை மருமகள் கைக்கு வந்தது.

பூதக்கண்ணாடியை வைத்து ஒரு சிப்பின் முதுகை அவள் படிப்பது கல்யாணப் பத்திரிகை படிப்பது மாதிரி இருக்கும். முதலில் வருவது எந்தக் கம்பெனி வீட்டுப் பிள்ளை என்பது. நடுவில் உள்ள எண் எந்தக் கிளை என்று சொல்லும். அதற்கடுத்து எத்தனை கால், எவ்வளவு சூடு தாங்கும். வாலில் தொங்குகிற ஒற்றை எழுத்து எத்தனையாவது பிரசவம் என்பதற்கு.

“ஒரு வயித்துப் பிள்ளைங்கதான். அதுக்காக அண்ணன் சட்டை தம்பிக்குத் தோள்ல நிக்குமா? போட்டுப் பாத்தாத்தான் தெரியும்” என்பாள்.

வேலை போன இளைய நாத்தனார், கையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கினாள். முதல் ஈடு முட்டை வைத்திருந்தாள். முட்டைக்குள் குஞ்சு பாதி உருவாகிவிட்ட நேரத்தில் கரண்ட் எகிறி, பெட்டியின் போர்டில் இருந்த சிப்பு கருகிவிட்டது. சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஏற்றி இறக்குகிற மூளை அதுதான். நாத்தனார் முட்டைகளைக் கம்பளியில் பொதிந்து, நடுநடுவே வெந்நீர் பாட்டில்களைச் செருகிவிட்டு, போர்டோடு ஓடி வந்தாள். அவள் புருஷன் வருகிற வழியிலேயே புது சிப்பு வாங்கிவிட்டான்.

“அதே நம்பர்தாம்மா. கடைக்காரர் ரெண்டு தடவை சொன்னாரு.”

பிளக்கக்கா கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். “நம்பர் சரிதாண்ணா. வால் வேற. இது பிந்திப் பொறந்தது.”

“புதுசுன்னா நல்லதுதானே?”

“புது மருமக மாதிரி. நல்லவதான். நம்ம வீட்டுப் பழக்கம் தெரியாது.”

“யாரைச் சொல்றீங்க அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“என்னைத்தான். சாணியில கால வெச்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்காத, உட்காரு.”

இதே மாதிரிப் பெட்டிகளுக்கு முன்பே வேலை பார்த்திருந்ததால் பழைய புரோகிராம் அவளிடம் இருந்தது. புது சிப்பைப் போர்டில் பற்றவைத்து அதை ஏற்றும்போது, அடையாளம் கொஞ்சம் மாறியிருக்கிறதே என்று கம்ப்யூட்டர் கேட்டது. தெரியும், ஏற்று என்று தட்டிவிட்டாள். ஹீட்டருக்குப் பதிலாக மாட்டியிருந்த பல்பு எரிந்தது. சூட்டுக் கணக்கும் அவள் தெர்மாமீட்டரோடு ஒத்துப்போயிற்று. நாத்தனார் புருஷன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். சொருகினாள், எரிந்தது. மறுபடியும் எரிந்தது. அதற்கடுத்த முறை சொருகியபோது பல்பு கம்மென்று கிடந்தது.

“நல்லா ஓடிட்டிருந்ததைக் கெடுத்துட்டியேம்மா” என்றான் அவன்.

“முட்டை ஆறுது அண்ணி. எரியும்போதே குடுத்திருக்கலாம்” என்றாள் நாத்தனார்.

“குடுத்திருப்பேன். கரண்ட் போயிட்டு வந்தா இது முழிக்காது. நீ அசந்து தூங்கியிருப்ப. காலையில தொட்டுப் பாத்தா அத்தனையும் ஜில்லுன்னு இருக்கும். அப்ப யாரைத் திட்டுவ?”

பிளக்கக்கா போர்டின் மேல் குனிந்தாள். பழைய சிப்பு கரண்ட் வந்த சூட்டோடு எழுந்து வேலையைப் பார்க்கும். புதியதற்குக் கரண்ட் நிலைக்கும் வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டு எழுப்பினால் திகைத்து நின்றுவிடுகிறது. சிப்பை எழுப்புகிற காலில் இருந்த கடுகளவு கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரியதை வைத்தாள். அதில் கரண்ட் நிரம்புகிற வரைக்கும் சிப்பு படுத்திருக்கும். பிடுங்கிச் சொருகினாள். பல தடவை சரியாக வந்து, ஒரு தடவை மக்கர் செய்தது.

“இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்” என்று சொல்லி, இன்னும் பெரியதாக ஒன்றைப் பற்றவைத்தாள்.

“இப்ப நீங்க புடுங்குங்கண்ணா.”

அவன் வந்த கோபத்தையெல்லாம் பிளக்கில் காட்டினான். வெடுக்கென்று பிடுங்கினான், பாதி சொருகி ஆட்டினான், விட்டு விட்டுச் சொருகினான். ஒவ்வொரு முறையும் பல்பு ஒரு மூச்சு நின்று, பிறகு எரிந்தது. கை ஓய்ந்துபோய் நிமிர்ந்தவன், “பிடிவாதக்காரிதான் நீ” என்றான்.

“உங்க முட்டைங்கண்ணா. ஓடுங்க.”

பெட்டி சூடேறி முட்டைகள் உள்ளே போயின. பிறகு வந்த நாட்களில் கரண்ட் இஷ்டத்துக்குப் போய் வந்தது. பிளக்கக்கா விசாரித்துப் போன் செய்யவில்லை. போர்டு எழுந்திருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெந்நீர் ஆறிய அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் கையில் இல்லாத விஷயம்.

ஒரு நாள் மத்தியானம் நாத்தனாரே கூப்பிட்டாள்.

“பாட்டில் ஆறிப்போன பக்கம் ஒரு வரிசை போயிடுச்சு அண்ணி.”

“மத்தது?”

நாத்தனார் போனைப் பெட்டிக்குள் நீட்டிவிட்டாள். கடைக்குள் ஏகப்பட்ட கீச்சுக்குரல் நிறைந்தது. கையில் இருந்த பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளரையும் கையமர்த்தி, பிளக்கக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.