அண்டாவைத் தாண்டாத பாட்டு

செட்டிகுளம் மகளிர் பாட்டுக்குழு எந்த மேடையில் ஏறினாலும், என்ன பாடுவது என்று முடிவு செய்பவள் சிந்தாமணி. கோவில்காரர்கள் கேட்டதும் கல்யாண வீட்டார் கேட்டதும் அவள் காதில் விழும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருப்பவளுக்கு, கேட்டதையெல்லாம் சமைத்துப் போட முடியாது என்பது நன்றாகத் தெரியும்.

பாட்டு அழகாக இருக்கிறதா என்று அவள் கடைசியில்தான் பார்ப்பாள். அது எவ்வளவு கீழே இறங்குகிறது, எவ்வளவு மேலே ஏறுகிறது, இந்த இரண்டும்தான் முதல் கணக்கு. போனில் கிடைக்கிற பக்திப் பாட்டில் முக்கால்வாசி ஆண்கள் பாடியது. அதைப் பெண்கள் அப்படியே எடுத்துக்கொண்டால் பாதிப் பாட்டுக்குக் கிணற்றில் இறங்க வேண்டும், மீதிப் பாட்டுக்குப் பனைமரம் ஏற வேண்டும். மற்ற குழுக்காரிகள் இதை யோசிக்காமல் மேடையேறி, பல்லவியிலேயே காணாமல் போவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டு வருவாள்.

அவளுடைய சோதனை நடப்பது சத்துணவுக் கூடத்தில். சாம்பார் கொதிக்கிற அண்டாவுக்கு இந்தப் பக்கம் நின்று, புதுப் பாட்டின் ஆகக் கீழான வரியைப் பாடுவாள். அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் சமையல்காரி அம்மாக்கண்ணுவுக்குக் கேட்க வேண்டும்.

“கேக்குதா?”

“கொதிக்கிறதுதான் கேக்குது டீச்சர்.”

அவ்வளவுதான், அந்தப் பாட்டு கழிந்தது. தன் குரலுக்கே வராத வரி குழுவில் இருக்கிற யாருக்கும் வராது என்பது சிந்தாமணியின் தீர்மானம். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பெரும்பாலும் சரியாக இருக்கிறவர்களிடம்தான் எதையும் எடுத்துச் சொல்ல முடிவதில்லை.

இப்படிப் பொறுக்கிய பாட்டுகளை எல்லோரும் ஒரே குரலாக, ஐந்து கட்டையில் பாடுவார்கள். கட்டை என்பது சுருதியின் அளவு. கட்டை கூடினால் குரல் மேலே ஏற வேண்டும். சிந்தாமணியின் கணவர் நடராசன் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். குழுவில் அவருக்கு உரிமையான ஒரே பொருள் அந்தப் பெட்டியின் திருகு. அதையும் கேட்காமல் திருக மாட்டார்.

குரல் எட்டாதவர்களை அங்கே யாரும் வெளியே அனுப்புவதில்லை. “கூட நில்லு, வாயை மட்டும் அசை” என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துச் சுதந்திர தின விழாவிலிருந்தே எல்லோரும் பழகியதுதான். வாயசைக்கிறவளுக்கும் அதே நிறத்தில் புடவை, அதே தாம்பூலப் பை, போட்டோவில் அதே இடம். இதில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியும் என்று சிந்தாமணிக்குத் தோன்றியதே இல்லை.

முத்தாயி அப்படிப் பல வருடமாக வாயசைத்தவள். அவள் வீட்டு நிலத்தில் சின்ன வெங்காயம் போடுவார்கள். அவளே மூட்டையோடு பஸ் ஏறிப் பெரம்பலூர் சந்தைக்குப் போய் வருவாள். குரல் கனமானது, ஆண்பிள்ளைக் குரலுக்குப் பக்கத்தில் நிற்கும். குழுவில் சேர்ந்த முதல் நாள் அவள் வாயைத் திறந்ததுமே சிந்தாமணி கையைக் காட்டி நிறுத்தி, இரண்டாம் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதன்பிறகு முத்தாயி ஒரு நாள் கூடப் பயிற்சிக்கு வராமல் இருந்ததில்லை. எல்லாப் பாட்டும் அவளுக்கு வரி பிசகாமல் மனப்பாடம். வாயை அவள் அசைப்பதைப் பார்த்தால், குழுவிலேயே நன்றாகப் பாடுகிறவள் அவள்தான் என்று எவரும் சத்தியம் செய்வார்கள்.

இப்படித்தான் அவளுடைய மகளும் ஏமாந்தாள்.

மகள் மேகலாவுக்கு மீன்சுருட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் முடிந்த மறுநாள் முத்தாயி சத்துணவுக் கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, சம்பந்தியம்மாவுக்கு நான் பாடிக் கேக்கணுமாம். கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி வரவேற்புல.”

“நீ பாடுவன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?”

“மேகலாதான். தைப்பூசத்துக்குப் பாடுனத போன்ல போட்டுக் காட்டிருக்கு. உச்சத்துக்குப் போற எடத்துல, இதான் எங்க அம்மா கொரலுன்னு சொல்லிருக்கு.”

“அது என் குரலுடி.”

“தெரியுங்க்கா.”

“அவகிட்ட சொல்லிட வேண்டியதுதான?”

“என்னான்னு சொல்ல? இத்தன வருசமா சும்மா நின்னு வாயசைச்சேன்னா?”

சிந்தாமணிக்கு எதையும் நீட்டி யோசிக்கிற பழக்கம் கிடையாது. வழி உடனே கிடைத்துவிட்டது. “ஒண்ணு பண்ணுவோம். மைக்க உன் கையில குடுத்துடுறேன். நான் பக்கத்துல இன்னொரு மைக்குல பாடுறேன். நீ எப்பவும் போல அசை. யாருக்குத் தெரியப் போவுது?”



“என் மவ கல்யாணத்துலயுமாக்கா?” என்றாள் முத்தாயி.

கோபமாகச் சொல்லியிருந்தால் சிந்தாமணி பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். முத்தாயி அப்படிச் சொல்லவில்லை. அதனால் அன்று மாலை மாரியம்மன் கோவில் கொட்டகையில் பயிற்சி தொடங்கியதும், முத்தாயிக்கு ஏற்ற பாட்டைத் தேடுவதே வேலையாகிவிட்டது.

முதலில் நடராசனை விட்டுச் சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்கினார்கள். முத்தாயியின் குரல் வந்தது. மற்றவர்கள் குரல் போய்விட்டது. குழுவிலேயே இளையவள் பானுப்ரியா, மேலே ஏறுகிற பாட்டாக இருந்தால் இரண்டு வேளைச் சாப்பாட்டை மறப்பவள். “அக்கா, நான் பாடுறது எனக்கே கேக்கல. எல்லாரும் வாயசைக்கிற மாதிரியில்ல இருக்கு?” என்றாள். சொன்ன பிறகுதான் முத்தாயி பக்கத்தில் நிற்பது அவளுக்கு உறைத்தது.

மறுபடி ஐந்து கட்டைக்கு ஏற்றி, முத்தாயியை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே பாடச் சொன்னார்கள். பெண்கள் கூட்டத்தில் ஓர் ஆண்பிள்ளை புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு எல்லோருக்கும் பரவியது, முத்தாயியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அவள் வீடு அடுத்த தெருவில் இருந்தது.

சிந்தாமணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. “நீ ஏன் இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கிற?” என்று நடராசன் கேட்டார். பொருத்தமான பாட்டு கிடைக்கவில்லை என்பதற்காக வருந்துவதாகத்தான் அவளும் நினைத்துக்கொண்டாள். அது மட்டும் இல்லை என்பது அவளுக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது.

நினைவில் இருந்த பாட்டையெல்லாம் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்து அலுத்த பிறகு, கழித்துப் போட்ட பாட்டுகள் பக்கம் அவள் மனம் திரும்பியது. திருமழபாடியில் ஒரு நலங்கில் கேட்ட பாட்டு. தாய் கேட்பதும் மகள் பதில் சொல்வதுமாக வரும். தாயின் வரி கொள்ளிடத்து மணலுக்குள் புதைகிற அளவு கீழே போகும். மகளின் வரி அங்கிருந்து ஒரே தாவாக மேலே ஏறும். மிகவும் பிடித்துப்போய் ஊருக்குக் கொண்டுவந்து அண்டா முன்னால் பாடிப் பார்த்தாள். அம்மாக்கண்ணு கையை விரித்துவிட்டாள். இந்த மாதிரிப் பாட்டைக் கட்டியவர்களுக்கு அறிவே கிடையாது என்று அப்போது திட்டியது கூட நினைவிருக்கிறது. ஒருத்தியே இரண்டு வரியையும் பாட வேண்டும் என்று தானாக முடிவு செய்துகொண்டு திட்டினாள்.

மறுநாள் முத்தாயியைச் சத்துணவுக் கூடத்துக்கு வரச் சொன்னாள். தாயின் வரியைச் சொல்லிக்கொடுத்து, அண்டாவுக்கு இந்தப் பக்கம் அவளை நிறுத்தி, தான் அந்தப் பக்கம் அம்மாக்கண்ணுவோடு போய் நின்றுகொண்டாள்.

“எட்டூரு தாண்டிப் போறியே மகளே, எந்தப் பேரு சொல்லிக் கூப்பிட?” என்று முத்தாயி பாடினாள்.

சாம்பார் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கொதிப்புக்கு அடியில் புகுந்து வரி முழுசாக வந்து சேர்ந்தது. அம்மாக்கண்ணு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “யாரு டீச்சர், முத்தாயியா?” என்றாள். முத்தாயி இத்தனை வருடம் குழுவில் இருந்தும், இந்த அண்டா முன்னால் அவளைப் பாட வைத்ததே இல்லை.

அதன்பிறகு வேலை சுலபமாக இருந்தது. தாயின் வரி முத்தாயிக்கு, மகளின் வரி மற்றவர்களுக்கு. “முன்ன வெச்ச பேரையே சொல்லு அம்மா, மூச்சு விடும் முன்ன வருவேன்” என்று எல்லோரும் சேர்ந்து ஏறுகிற இடத்தில் பானுப்ரியாவுக்கு வேண்டிய மட்டும் உயரம் கிடைத்தது. நடராசனுக்குத் திருகைத் தொடவே தேவைப்படவில்லை.

வரவேற்பு பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேகலாவும் மாப்பிள்ளையும் சோபாவில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மா பரிமளா முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தார். முத்தாயி தன் வழக்கமான இரண்டாம் வரிசைக்குப் போகப் போனாள். சிந்தாமணி தோளைப் பிடித்து முன்னால் இழுத்து மைக்கின் முன் நிறுத்தினாள். சுருதி ஒலித்தது. முத்தாயி மகளைப் பார்த்தாள். வாய் அசைந்தது.

சத்தம் வரவில்லை.

உதடு வரியைச் சுத்தமாகச் சொல்லிற்று. கையும் தாளம் போட்டது. சவுண்ட் சர்வீஸ் பிச்சைமுத்து மைக்தான் செத்துவிட்டது என்று ஓடிவந்து வயரைப் பிடுங்கிச் செருகினார், “ஹலோ ஹலோ” என்று தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது. சிந்தாமணிக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று புரிந்தது. மேடை ஏறினால் குரலை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள்தான் முத்தாயியைப் பழக்கினாள். பழக்கம் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே மைக்கின் பக்கத்தில் போய், தனக்கு வரவே வராத அந்த வரியை எடுத்தாள். “எட்டூரு தாண்டி” என்றதற்கே அவள் குரல் தரைதட்டிவிட்டது. மீதி வெறும் காற்றாக வந்தது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவள் இப்படிப் பாடியதில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை ஒருத்தி பக்கத்திலேயே நின்று கெடுப்பதை முத்தாயியால் பொறுக்க முடியவில்லை போலும். “எந்தப் பேரு சொல்லி” என்ற இடத்தில் அவள் குரல் கீழேயிருந்து வந்து பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டது.

சிந்தாமணி வாயை மூடிக்கொண்டாள். பிறகு கடைசி வரை முத்தாயி நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் பந்திக்கு நகரும்போது மேகலா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிச் சிந்தாமணியிடம் வந்தாள்.

“பெரியம்மா, அம்மா இன்னிக்கு வூட்ல பாடுற கொரல்லயே பாடிட்டாங்க.”

“ஏன், நல்லா இல்லையா?”

“இதான் நல்லாருக்கு. மேடையில பாடுற அந்தக் கொரலு எனக்குப் புடிக்கவே புடிக்காது பெரியம்மா. பெருமைக்குத்தான் அவங்க வூட்ல போட்டுக் காட்டுனேன். சின்னப்புள்ளயில அதக் கேட்டா பயமா இருக்கும், மேடைக்குப் போனதும் அம்மா வேற யாரோ ஆயிடுறாங்களேன்னு.”

தைப்பூசத்துப் பாட்டில் உச்சத்துக்கு ஏறியது யாருடைய குரல் என்று சொல்ல சிந்தாமணிக்கு வாய் வரை வந்தது. முத்தாயி தூரத்தில் சம்பந்தியம்மாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு கூட இங்கே வரை கணீரென்று கேட்டது.

“இனிமே அந்தக் குரல்ல பாட மாட்டாங்க, நீ போயி உக்காரு,” என்று மேகலாவிடம் சொல்லிவிட்டு, சிந்தாமணி பந்தியில் இடம் பிடிக்கப் போனாள்.