மேல் தட்டில் வைத்த புத்தகம்

அந்த வருஷம் மடுல்கெல்லைப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோக இருந்தது. காரணம் என் கடை. இன்னும் சரியாகச் சொன்னால், என் கடையின் மேல் தட்டு.

கண்டியில், குளக்கரையிலிருந்து கடைவீதிக்கு ஏறும் இடத்தில் எனக்கு அந்தக் கடை இருந்தது. காப்பி நன்றாக விளைந்த காலம். விடிந்தது முதல் மூட்டை வண்டிகள் காப்பியைக் காயவைத்து அனுப்பும் ஸ்டோர்களை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். குளத்து மூடுபனி கடைக்குள் நுழைந்து சிலேட்டுகளின் மேல் படிந்து கிடக்கும். துடைத்தால் திரும்பவும் படியும். எட்டரை மணிக்குப் பனி விலகும்போது எதிர்க்கடை ஏதோ அப்போதுதான் கட்டிமுடித்ததுபோல் தெரியும். பனி விலகும் நேரத்தை நான் தினமும் குறித்து வைப்பேன். என்ன புத்தகம் வந்தது, எது போனது என்பதையும் எழுதுவேன். ஆகவே இதில் நாள், கிழமை தவறாது.

சிலேட்டு, குடை, சாம்பிராணி, பஞ்சாங்கம், இவற்றோடு சென்னப்பட்டணத்தில் அச்சான பாட்டுப் புத்தகங்களும் விற்றேன். கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வரும். ஒவ்வொரு புத்தகக் கட்டிலும் நான் கேட்காத சிலவும் சேர்ந்து வரும். தாசி வீட்டுச் சிந்து, மைனர் கும்மி என்று பெரியவர்கள் தனியாகப் படித்துச் சிரித்துக்கொள்கிற வகை. அவையும் விலை போயின. படிக்காத புத்தகத்தை நான் தட்டில் வைப்பதில்லை என்பதால் எல்லாவற்றையும் கடைசி வரி வரை படித்திருந்தேன். மற்றவற்றோடு ஒரே கயிற்றில் தொங்கவிட்டேன்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் வந்தார். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். அவருடைய இரண்டு பையன்கள் சிலேட்டுக்குச்சி வாங்க என்னிடம்தான் வருவார்கள். அதில் மூத்தவன் கயிற்றடியில் நின்றபடியே ஒரு சிந்தைப் பாதிக்கு மேல் படித்திருக்கிறான். வீட்டில் போய்ப் பாடியும் காட்டியிருக்கிறான்.

“அண்ணை, சிலேட்டும் இதுவும் ஒரே கயிற்றிலயோ தொங்கிறது?” என்று கேட்டார்.

உங்கள் பிள்ளையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், கடைக்காரன் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் தகப்பனாக முடியுமா என்றேன்.

“உங்களுக்குப் பிள்ளை இல்லை அண்ணை. அதுதான் இப்பிடிச் சுகமாக் கதைக்கிறியள்.”

குச்சி வாங்காமலே போய்விட்டார். எனக்கு அது தைத்தது. அன்று சாயந்தரமே அந்த வகைப் புத்தகங்களைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் தடித்த பழுப்புத் தாளில் சுற்றி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் மேல் தட்டில் அடுக்கினேன். இரண்டு விதிகள் வைத்தேன். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. பெரியவர்களுக்குக் கொடுத்தாலும், பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுப்பது. வாத்தியார் மறுவாரம் வந்து அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார். என் ஏற்பாட்டில் எனக்கு நிரம்பத் திருப்தி.

அதே மாதத்தில் மடுல்கெல்லையிலிருந்து ஒரு கங்காணி வந்தார். ஐம்பது அறுபது ஆட்களை மேய்க்கிறவர். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, காதில் கடுக்கன். மாதம் ஒரு தடவை சாமான் வாங்க நகரத்துக்கு இறங்குவார். தமக்கு எழுத்துத் தெரியாது என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. அந்தக் கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்துவிட்டு எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல புத்தகமாக ஒன்று வேண்டும் என்றார். கயிற்றில் தொங்கியவற்றைக் காட்டினேன். அவற்றை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கண் நேராக மேலே போனது.

“அந்தா, கட்டி வச்சிருக்கீங்களே, அது?”

முக்காலி போட்டு ஏறி ஒன்றை எடுத்தேன். விதிப்படி சொன்னேன். “இது புள்ளைங்க கைக்குப் போகக் கூடாது, கங்காணி.”

“எங்களுக்குத் தெரியாதா முதலாளி? குளிக்காம ஒருத்தரும் தொட மாட்டோம்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தோட்டத்து ஆட்களின் குறும்பு இப்படித்தான் போலும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் புத்தகத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, காப்பி பூக்கிற சமயத்தில், நான் சாமான் வண்டியோடு மலைக்குப் போனேன். வருஷத்தில் ஒரு தடவை அப்படிப் போவது வழக்கம். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றைக் கடந்து, வத்தேகம வழியாகப் பன்வில போய்ச் சேர்ந்து அங்கே தங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பன்விலையைத் தாண்டியதும் மலைகள் வெள்ளையாக இருந்தன. பனி எது, பூ எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு சரிவு வெளுத்து நிற்கும், காற்று வந்தால் பாதி வெள்ளை நகர்ந்து போகும், மீதி அப்படியே நிற்கும். நின்றது பூ என்று தெரிந்துகொள்வேன். மல்லிகையைப் போன்ற அந்த வாசத்தில் மாடுகள்கூட மெல்ல நடந்தன. அந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும்.

கங்காணி என்னைத் தோட்டத்து எல்லையிலேயே எதிர்கொண்டார். சரியான நாளில் வந்தீர்கள், இன்றைக்கு வாசிப்பு உண்டு என்றார். நடந்துகொண்டே தம் மகளைப் பற்றிச் சொன்னார். ஒரே மகள், பதினோரு வயது. உபதேசியார் ஒருவர் பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகையில் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்பியபோது ஆட்கள் குடியிருக்கும் லயமே சிரித்ததாம். பொட்டப்புள்ள படித்தால் கெட்டுப்போகும் என்றார்களாம். படிப்பினால் ஒரு கெடுதல் வந்தது என்று கண்டால் அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துத்தான் அனுப்பினாராம். இப்போது யாரும் சிரிப்பதில்லை. அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு வீட்டில் பெண்பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

“எல்லாம் நீங்க குடுத்த புத்தகம்” என்றார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. காப்பி காயப்போடும் களத்துக்குப் போனதும்தான் விளங்கியது. முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய தலையும் ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு வந்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகை, அதன்மேல் குத்துவிளக்கு. விளக்கின் முன்னால் பழுப்புத் தாள் சுற்றிய என் புத்தகம். தாளில் குங்குமம் வைத்திருந்தார்கள். மேலே ஒரு கொத்துக் காப்பிப்பூ.

நான் கண்ணில் படக் கூடாது என்று உயரே வைத்தேன். உயரத்தில், சுற்றிக் கட்டி, யாரும் சும்மா தொடாதபடி வைத்திருந்தால் அது சாமி புத்தகம் என்றுதான் அவர்கள் அறிவார்கள். நானே என் வீட்டில் ராமாயண ஏட்டை அப்படித்தான் வைத்திருந்தேன்.

அந்த மகள் வந்து உட்கார்ந்தாள். மெலிந்த பிள்ளை, இறுக்கிப் பின்னிய ஈரச் சடை. புத்தகத்தைப் பிரித்தாள். பதினாறு தாள் கொண்ட சிந்து அது. ஞாயிறுக்கு ஒரு தாளாக ஏழாவது தாளுக்கு வந்திருந்தாள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். எழுந்து தடுத்திருக்க வேண்டும். தடுத்தால் ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஊரிலிருந்து கடல் தாண்டி இந்த மலைக்கு நடந்து வந்த மன்னார்ப் பாதையில் நடக்க மாட்டாமல் படுத்துவிட்டவர்கள் யாரும் முடிந்துபோகவில்லை. மண் அவர்களை வாங்கி உள்ளே படுக்க வைத்தது. களைப்பு தீர்ந்ததும் அவர்கள் எழுந்து, மண்ணுக்கு உள்ளேயே, வேர்களைப் பிடித்துப் பிடித்து மலைக்கு ஏறி வருகிறார்கள். அவசரமில்லை. மேலே இருக்கிற தம் ஆட்களின் காலடி கேட்கிற இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். மூச்சு விடுகிற இடத்தில் செடி பூக்கிறது. மூச்சு வாங்கி முடிந்ததும் பூ உதிர்கிறது, அவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே வருகிறார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் விரல் வரிவரியாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணும் விரலோடு போனது. வரி முடிகிற இடத்தில் குரலும் நின்று தொடங்கியது. ஆனால் அந்தத் தாளில் இதில் ஒரு சொல்லும் கிடையாது. களத்தைப் பனி மூடிக்கொண்டு வந்தது. கடைசி வரிசை ஆட்கள் மறைந்தார்கள், குரல் மட்டும் அவர்கள் இருந்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்கிறேனா, தூங்குகிறேனா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

முன்னால் இருந்த ஒரு நடுவயதுப் பெண் கேட்டாள். “என் மவன் எதுவரைக்கும் வந்திருக்கான்னு அதுல போட்டிருக்கா, ஆயி?”

பிள்ளை தாளைத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். “பன்வில தாண்டிட்டான்” என்றாள்.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தபோது சிரித்த முகமாக இருந்தது.

வாசிப்பு முடிந்ததும் பிள்ளை தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். எவ்வளவு படித்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“மொத ரெண்டு பக்கம்” என்றாள், நிமிராமல். “அதுக்கப்புறம் எழுத்தப் பாக்காம விரல மட்டும் ஓட்டப் பழகிக்கிட்டேன்.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா புத்தகம்னாலே இப்படித்தான்னு நெனச்சுக்குவாரு. பள்ளிக்கூடத்த நிறுத்திருவாரு. எல்லாருக்கும் முன்னால வாக்குக் குடுத்திருக்காரு.” விளக்கைத் தண்ணீரில் காட்டி அலசினாள். “நீங்கதானே வித்தது?”

ஆம் என்றேன்.

அந்தத் தோட்டத்தில் எழுத்துத் தெரிந்த பெரியவர் கணக்கப்பிள்ளை ஒருவர்தான். அவர் லயத்துப் பக்கம் வருவதில்லை. ஒரு நாள் வந்து அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும், பழி முழுவதும் இந்தப் பிள்ளையின் தலையில் விழும். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. தகப்பன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாத்தியாரிடம் நியாயம் பேசியவன் நான். இந்தத் தகப்பனின் கையில் அவரால் பார்க்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, சிரித்தும் இருக்கிறேன்.

மறுநாள் காலை கங்காணி வண்டி வரை என்னோடு நடந்து வந்தார். பூ உதிரத் தொடங்கியிருந்தது. பாதையெல்லாம் வெள்ளை. நான் சொன்னேன். அது என்ன புத்தகம், ஏன் கட்டி மேலே வைத்திருந்தேன், பிள்ளை முதல் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது, எல்லாம். தப்பு என்னுடையது, பிள்ளையினுடையது அல்ல என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை. ஓடைப் பாலம் வந்த பிறகுதான் கேட்டார்.

“அப்ப அவ வாசிக்கிறது?”

“அவளே சொல்றது.”

“அந்தப் பொம்பளயோட மவன் பன்வில தாண்டிட்டான்னாளே?”

“அதுவும்தான்.”

அவர் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்ட்டு வாங்க என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேல் தட்டைக் காலி செய்தேன். அந்தப் புத்தகங்களை விற்பதையே நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய். பூட்டுப் போட்ட அலுமாரிக்கு மாற்றினேன். கேட்டு வருகிறவர் முதலில் பஞ்சாங்கத்தில் ஒரு வரி எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தேன். வாசிக்கத் தெரியாதவர் வாங்கிப் போனால் வீட்டில் வாசிக்கப்போவது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாதிப் பேர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். “இப்ப கடையிலயும் சோதினை வைக்கிறியள்” என்று வாத்தியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளா என்று மலையிலிருந்து வருகிற யாரிடமும் கேட்கத் துணியவில்லை.

கங்காணி வழக்கமான நாளில் வந்தார். பழைய புத்தகத்தை மேசைமேல் வைத்தார். குங்குமத்தைத் துடைத்திருந்தார். கதிரையைத் தாமே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த ரெண்டு பக்கம் படிச்சிருக்கால்ல, அது மறந்து போகுமா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. பிறகு, வேறு புத்தகம் வேண்டும், ஆனால் வாங்குவதற்கு முன்னால் நான் வாசிக்க அவர் கேட்க வேண்டும் என்றார். ஒரு பக்கமும் விடக் கூடாது.

வாசித்தேன். ஒரு ராஜா கதையை எடுத்தேன். அதில் ராணியின் அழகை வர்ணிக்கிற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். ஒரு பக்திப் பாடல் புத்தகத்தை மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். அதில் எல்லோருக்கும் தெரிந்த கதை இருக்கிறது, பிள்ளை வேறு சொன்னால் பிடித்துவிடுவார்கள் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தோம். ஆறாவதாக மாட்டு வைத்தியப் புத்தகத்தை எடுத்தேன். வயிற்றுப்பொருமல், குளம்புப்புண், கோமாரி. அதை அவர் தலையசைத்துக் கொண்டே கேட்டார். சாயந்தரம் குளத்தில் பனி இறங்குகிற வரையில் கேட்டார். என் தொண்டை கட்டிவிட்டது.

“இதுல ஒரு கெடுதலும் இல்ல” என்றார். “எத்தன தாளு?”

எண்ணிப் பார்த்தேன். தொண்ணூறு.

அவர் விரல்களை மடக்கி மடக்கி ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்குப் போட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வரும் என்றார். ரெண்டாம் பாகம் என்று லயத்தில் சொல்லிக்கொள்வாராம். மகளிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லப் போறதில்ல, முதலாளி” என்று எழுந்தார். “தொறந்து பாத்தா புரிஞ்சுக்குவா.”