நிழல் விழாத ஏரிக்கரை

எங்கள் ஊர் மலையை மாமா ஒருமுறை திருப்பதியில் உட்கார்ந்து புதிதாகச் செய்தார். அம்மாவின் தம்பி அவர். படித்தவர்கள் ஹைதராபாத்துக்கும் அமெரிக்காவுக்கும், படிக்காதவர்கள் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். நைனா, அதாவது என் அப்பா, குவைத்துக்குப் போய்விட்டிருந்தார். மாமா எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல், பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார்.

நைனா போனில் கேட்டது ஒன்றே ஒன்று. நம்ம ஊர் ஏரி, கரைமேல் நீங்கள் இரண்டு பேர், ஒரு போட்டோ. கேட்டது சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வருடம் ஏரியில் தண்ணீர் இல்லை. நாங்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னால் அங்கே அவருக்குச் சோறு இறங்காது என்று அம்மா சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"போட்டோ இன்னாத்துக்குக்கா? ஏரியவே செஞ்சி குடுத்துடறேன்" என்றார் மாமா.

எதிர்வீட்டு அண்ணன் மறுநாள் குவைத்துக்கு விமானம் ஏறுவதாக இருந்தார். படத்தை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். எங்கள் புத்தலப்பட்டில் காலை பஸ் பிடித்து மூவரும் திருப்பதி போய்ச் சேர்ந்தோம்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் நுழைந்தோம். திரையில் முதலில் வெறும் சாம்பல் நிறத் தரைதான் இருந்தது. மாமா மவுஸால் ஓரிடத்தைப் பிடித்து இழுத்ததும், தூங்குகிறவன் போர்வைக்குள் முழங்காலை மடக்கியதுபோல ஒரு மலை எழுந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து, தையல்காரரிடம் ரவிக்கைக்கு அளவு சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எறக்குடா. ஆங். அங்க ஒரு பாறை சாஞ்சிக்கினு இருக்கும் பாரு, அத்த வை."

பாறை வந்தது. கரைமேல் ஆலமரம் வந்தது. பனி வந்தது. ஒரு பொத்தானை நகர்த்தியதும் ஏரியில் தண்ணீர் ஏறியது. மழை இல்லை, மேகம் இல்லை, கலெக்டருக்கு மனு இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. "போதும்டா, மதகு தாங்காது" என்றாள் அம்மா.

பிறகு மாமா ரெண்டர் போட்டார். செய்து வைத்ததற்கெல்லாம் வெயிலும் வண்ணமும் பூசி, கம்ப்யூட்டர் நிஜம்போல மாற்றித் தருவதற்கு அந்தப் பெயர். அது மேலிருந்து கீழே, கோடு கோடாக, அவசரமே இல்லாமல் வந்தது. முதலில் வானம் மட்டும். நான் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது மலை இடுப்பு வரை வந்திருந்தது. மறுபடி தூங்கி எழுந்தால் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு மலை. நான் விழித்தேனா, இல்லை அந்த மலைக்குள்தான் எழுந்தேனா என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. அம்மா அதே இடத்தில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாமா எங்கள் ஸ்டுடியோ போட்டோவை ஸ்கேன் செய்து, எங்களை வெட்டியெடுத்துக் கரைமேல் நிறுத்தினார். அங்கேதான் என் பிராணன் போனது. ஆலமரத்துக்கு நிழல் இருந்தது. பாறைக்கு இருந்தது. எங்களுக்கு இல்லை.

நிழல் இல்லாதது பேய். இது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். நைனா படத்தைப் பிரித்துப் பார்ப்பார், பெண்டாட்டி பிள்ளை இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்பார், இனி யாருக்காக ஊருக்கு வரவேண்டும் என்று அங்கேயே இருந்துவிடுவார். ஒரே மூச்சில் இவ்வளவும் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் நிழலாவது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன். சித்திரை மாதத்து உச்சி வெயில். குனிந்து பார்த்தால் நிழலே இல்லை. எதிரே மலையிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கும் இல்லை. திருப்பதி முழுவதுமே போய்விட்டது என்று முடிவுகட்டி, தார் ரோடு காலைச் சுட, நான் போட்ட கூச்சலில் ஆட்டோ டிரைவர் ஒருவர் "ஏமைந்திரா?" என்று தெலுங்கில் என்ன ஆச்சு என்று கேட்டபடி வண்டியை விட்டு இறங்கிவிட்டார்.

மாமா என்னை உள்ளே இழுத்துப் போனார். "டேய், இன்னா ஆச்சி ஒனக்கு?"

"நைனா வரமாட்டாரு மாமா. எனக்கு நெழலு போடு."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்து எங்கள் காலடியில் கறுப்பாக இரண்டு இழுப்பு இழுத்தார். மரத்தின் நிழல் ஒரு பக்கம், எங்கள் நிழல் எதிர்ப்பக்கம்.

"இன்னாடா, நெழலு சூரியன பாத்து ஓடுது?" என்றாள் அம்மா.

"குவைத்துல நெழலயாக்கா பாக்கப்போறாரு மச்சான்?"

பிரிண்ட் போட்டு, சுருட்டி, எதிர்வீட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டோம். அதன்பிறகு நைனாவின் போன் வரும்போதெல்லாம் நான் வாங்கி முதலில் இருமிக் காட்டுவேன். உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி.

இரண்டு வருடம் கழித்து நைனா வந்தார். பெட்டியில் சோப்பு, சென்ட், எனக்கு வாட்ச். அடியில் அந்தப் படமும் இருந்தது. அங்கே படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில், படுத்தபடியே கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டி வைத்திருந்தாராம். விரித்தார். வானம் அப்படியே. மலை அப்படியே. தண்ணீர்கூட ஒரு சொட்டுக் குறையவில்லை. கரைமேல், நாங்கள் நின்ற இடம் மட்டும் மை போய், வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"நான் சொல்லல? நெழலு ஒயுங்கா போடல, காணாப் பூட்டோம்!" என்று குதித்தேன்.

"மை மட்டம்டா" என்றார் மாமா, கொஞ்சம் வெட்கத்தோடு.

மட்டமான மை என்றால் மலையும் அல்லவா போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நைனா அந்த வெள்ளையைப் பழக்கம்போலக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அம்மா அந்த வெள்ளையைப் பார்த்தாள், அந்த விரலைப் பார்த்தாள், விருட்டென்று எழுந்து பின்வாசல் வழியாக வெயிலுக்குள் போய்விட்டாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பாவம், அவளும் நிழல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.